சுண்டு விரலும் மீசையும்

சரளா வீட்டில் டேப்லட் வாங்கிய செய்தி, டேப்லட் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே ஈப்போவின் புந்தோங்கில் அந்த வீட்டு வரிசை முழுக்கப் போய்விட்டது. கொண்டுபோனவள் பக்கத்து வீட்டு இருளாயி. சரளாவின் மகள் தனேஸ்வரி மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் பெட்டியை வைத்துக்கொண்டு முனையில் திரும்பும்போதே, பெட்டியின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்து, "தோசக்கல்லு இல்ல, டேப்லட்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இருபது வருஷம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் தட்டுக் கழுவி ஓய்வு பெற்றவள். பென்ஷன் கிடையாது. அக்கம்பக்கத்துச் செய்திதான் வருமானம்.

வாங்கினதில் தப்பில்லை. சரளா பதினோரு வருஷமாக முறுக்குச் சுடுகிறாள். தீபாவளிக்கு ஈப்போவில் பாதிப் பேர் கடிப்பது அவள் கை முறுக்கு. ஆனால் பொட்டலத்தில் ஒட்டியிருப்பது வேறு யாருடைய பேரோ. அவள் மொட்டைப் பொட்டலமாகப் போடுவாள். கடைக்காரர்கள் ஆளுக்கொரு லேபிள் ஒட்டி, ஆளுக்கொரு பாட்டி படம் போட்டு விற்பார்கள். இந்த வருஷம் லிட்டில் இந்தியா தீபாவளி பசாரில் சொந்தமாகக் கடை போட ஒரு லாட் இடம் பிடித்து, மேலே தன் பேரைப் பெரிதாக எழுதி வைத்து விற்றுவிடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். லாட்டுக்கு மனு இப்போதெல்லாம் ஆன்லைனில். அதற்குத்தான் டேப்லட்.

வாங்கிய அன்றே சண்டை ஆரம்பித்தது. விரலை வைத்துத் திறப்பதா, முகத்தைக் காட்டித் திறப்பதா.

"மொகந்தான் சொகம்" என்றான் சரளாவின் புருஷன் சீனி. பேரங்காடியில் காவல் வேலை. காதிலிருந்து காதுவரை ஓடும் மீசைக்காக, மீசை சீனி என்றால்தான் ஊருக்குத் தெரியும். "நான் பாத்தா அது தொறக்கணும். அதுக்கு எதுக்கு கையத் தேச்சிக்கிட்டு நிக்கணும்?"

"அடுப்படியில வேர்த்து வடிஞ்சு, தலையில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிறப்ப என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியாது" என்றாள் சரளா. "வெரல்னா தொடச்சிட்டு வச்சிரலாம். வேல செய்யிற கை என்னுது. என் கைதான் தொறக்கணும்."

வேலிக்கு இந்தப்பக்கம் இருளாயி மெதுவாக வந்து சேர்ந்துகொண்டாள். அவள் பின்னாலேயே எதிர்வீட்டுக் கருப்பம்மாள்.

"மூஞ்சின்னா ஆபத்துலா சரளா. மனுசன் தூங்குறப்ப மொகத்துக்கு நேரா புடிச்சுத் தொறந்திரலாம்."

"கண்ணு மூடியிருந்தா தொறக்காதாம்க்கா" என்றாள் கருப்பம்மாள்.

"அப்ப வெரலு? தூங்குறவன் வெரல் முழிச்சிக்கிட்டா கெடக்கு?"

"இப்ப நீ எந்தக் கட்சிக்கா?"

"நான் வேடிக்க பாக்குற கட்சி."

கடைசியில் தனேஸ்வரி நாட்டாமை செய்தாள். அந்த டேப்லட் ஒரே ஒரு முகத்தைத்தான் ஏற்றுக்கொள்ளும், அது அப்பாவுடையது. விரல் அம்மாவுடையது. ஆனால் அம்மாவின் விரல்களை எடுத்து வைத்தபோதுதான் சங்கடம் தெரிந்தது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், எதையும் டேப்லட் சட்டை செய்யவில்லை. பத்து வயசிலிருந்து ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால் எடுத்து, பாலை உறைய வைக்கும் திராவகம் பட்டுத் தேய்ந்த விரல்கள். தோட்டத்தை வீட்டு மனையாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த விரல்கள் முறுக்கு உரலில் மாட்டிக்கொண்டன. மாவும் உப்பும் கொதி எண்ணெயும் மீதி ரேகையை எடுத்துக்கொண்டன. அடையாள அட்டை புதுப்பிக்கப் போனபோதுகூட, அதிகாரி அவள் பெருவிரலை ஐந்து முறை துடைக்கச் சொல்லிவிட்டு அவளையே சந்தேகமாகப் பார்த்தார்.

தப்பியது இடதுகைச் சுண்டு விரல் ஒன்றுதான். எந்த வேலைக்கும் போகாமல் ஓரமாக நின்றிருந்த விரல்.

"பாத்தியா, சோம்பேறிக்குத்தான் காலம்" என்றான் சீனி. அன்றைக்கு அவனுக்குக் குழம்பில் மீன் துண்டு விழவில்லை.

*

மனுப் போட்டு மூன்று வாரத்தில் பதில் வந்தது. முதல் பட்டியலில் சரளாவின் பேர் இருந்தது. இனி ஒரு கட்டம்தான் பாக்கி. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லாட் வரைபடம் திறக்கும். யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்களுக்கு அந்த லாட். போன வருஷம் எல்லா லாட்டும் ஏழு நிமிஷத்தில் முடிந்துவிட்டதாகப் பேச்சு.

சரளா சந்தோஷத்தில் மாவைப் பிசைந்தபடியே புருஷனிடம் இன்னொரு விஷயத்தையும் சொன்னாள்.

"பேரு வந்தா மொட்ட போடுறதா முருகன்கிட்ட வேண்டியிருந்தேன்."

"நல்லது. போட்டுக்க."

"ஒங்களுக்கு."

சீனி தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தான். "எனக்கா? என் தலைய வேண்டிக்கிறதுக்கு நீ யாரு?"

"பொஞ்சாதி. வேற யாரு தலைய வேண்டிக்கிறது? எதுத்த வீட்டு அண்ணன் தலையவா?"

"சரி, தலையோட நிறுத்திக்கிட்டியா?"

சரளா மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தாள். "மீசையுந்தான்."

நான்கு நாள் சீனி பேசவில்லை. இந்த இடத்தில், அவன் மீசைக்கு ஒரு பழைய கதை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா இராமசாமி செத்துப்போனபோது, மூத்த மகனாக மொட்டையடித்து, மீசையெடுத்துக் கொள்ளி வைக்க வேண்டியவன் சீனி. மாட்டேன் என்றுவிட்டான். அத்தனை சனம் பார்க்க, தம்பி தர்மா தலையைக் குனிந்து நாவிதர் முன்னால் உட்கார்ந்தான். தலையைக்கூடக் குடுத்திருப்பான், மீசையை விட மனசு வரவில்லை என்று ஊர் பேசியது; அதைப் பேச வைத்ததில் இருளாயிக்கும் பங்குண்டு. அன்றைக்கு முறிந்தது அண்ணன் தம்பி உறவு. ஜெலாப்பாங்கில் டயர் கடை வைத்திருக்கும் தர்மா, பத்து நிமிஷ தூரத்தில் இருந்துகொண்டு ஆறு வருஷமாக இந்த வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சரளா மட்டும் அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி உள்ளே போய்விடுவாள்.

கடைசியில் சீனியை மசிய வைத்தது சாமி பயம் இல்லை, இருளாயி. வேண்டுதல் அவள் காதில் விழுந்த மறுநாளே, தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் ஒருவன், பெட்ரோல் போட்டால் ஒருவன், "எப்பண்ணே எடுக்கப் போறீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். சாமிக்குக் கடன் வைத்திருக்கிறவன் என்ற பேரோடு எத்தனை நாள் நடமாடுவது?

"செவ்வாக்கிழம காலையிலயே முடிச்சிரலாங்க" என்றாள் சரளா. "சுத்தமா சாமிக்குச் செஞ்சிட்டு வந்து உக்காந்து அமுக்குனா, நல்ல லாட்டா கெடைக்கும்."

இதில்தான் விஷயம் கெட்டது. வேண்டுதலைப் பத்து மணிக்குப் பிறகு முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

*

செவ்வாய்க்கிழமை காலையில் மலைகளின் இடுப்பில் மேகம் கட்டியிருந்தது. எட்டரைக்குக் கோயிலில் உட்கார்ந்த சீனிக்கு ஒன்பதுக்குத் தலை முடிந்தது. மீசைக்கு நாவிதருக்கு நாலு இழுப்புத்தான் தேவைப்பட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில், புருஷனின் மேலுதட்டில் ஒரு மச்சம் இருப்பதைச் சரளா அன்றைக்குத்தான் பார்த்தாள். பெண் பார்க்க வந்த யாரோ மாப்பிள்ளையோடு நிற்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மொட்டையில் அவளே சந்தனத்தைப் பூசினாள். அவசரத்தில் பூசினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஒன்பது இருபது. சரளா சாமி படத்துக்கு முன்னால் டேப்லட்டை வைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சுண்டு விரலை வைத்தாள். திறக்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் முறுக்குப் பையின் வாயைச் சூட்டில் ஒட்டும் மெஷினில் அந்த விரல் மாட்டிக்கொண்டது. பொசுக்கென்று ஒரு கொப்புளம். எத்தனையோ பெரிய சூடு பார்த்த கை என்று அவள் பொருட்படுத்தவில்லை. இப்போது பிளாஸ்திரியைப் பிய்த்துப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து, தோல் உரிந்து, சுண்டு விரலும் மற்ற விரல்களின் கூட்டத்தில் சேர்ந்திருந்தது.

"ஏங்க, கொஞ்சம் வந்து இதப் பாருங்க."

சீனி வந்து பார்த்தான். டேப்லட்டும் சீனியைப் பார்த்தது. யாரென்று தெரியவில்லை என்றது.

கிட்டே வைத்துப் பார்த்தான், தள்ளி வைத்துப் பார்த்தான், சிரித்துப் பார்த்தான், காவல் வேலைத் தொப்பியைப் போட்டுப் பார்த்தான். ஜன்னலில் இருளாயியின் தலை முளைத்தது.

"மீசைய வரைஞ்சு பாருலா சரளா."

வேறு நாளாக இருந்தால் சரளா ஜன்னலைச் சாத்தியிருப்பாள். அன்றைக்குக் கண் மையை எடுத்துவந்து, புருஷன் முகவாயைப் பிடித்துக்கொண்டு, காதிலிருந்து காதுவரை இழுத்தாள். தெருக்கூத்துக்குக் கிளம்பியவன் மாதிரி இருந்தது, டேப்லட் மயங்கவில்லை. கல்யாணப் போட்டோவைக் காட்டினார்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஜன்னல் வெளிச்சம்தான் தெரிந்தது. முப்பது விநாடி காத்திருக்கவும் என்று டேப்லட் முறைத்துக்கொண்டது.

"நம்பர் இருக்குமே" என்றாள் இருளாயி, இதற்குள் வீட்டுக்குள் வந்திருந்தவள்.

"இருந்துச்சு. இவரு மொகமே இருக்கு, நம்பர் எதுக்குன்னு தூக்கிப் போட்டாரு. தனேசு போன மாசம் மாத்தி வச்சா. அவளுக்குத்தான் தெரியும்."

தனேஸ்வரி ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் இருந்தாள். போன் லாக்கரில். காவல் அறைக்குப் போன் அடித்துக் கேட்டதில், பத்தரைக்குத்தான் வெளியே வருவார்கள் என்றார்கள். மனுக் கணக்கின் கடவுச்சொல்லும் டேப்லட்டுக்குள்ளேதான். மறந்துவிட்டது என்று அமுக்கினால் புதுச் சொல் போய் விழுவது அதே லாக்கரில். மணி ஒன்பது முப்பத்தாறு.

சரளா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம், என்று நினைத்தாள். அடுத்த வருஷமும் யாரோ ஒரு பாட்டி படம்.

இருளாயி தொண்டையைச் செருமினாள். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. அதே மூஞ்சி ஜெலாப்பாங்குல இன்னொண்ணு இருக்கு."

பேர் சொல்லத் தேவையில்லை. போன தைப்பூசத்தில்கூடக் கோயில் காரியதரிசி தர்மாவின் தோளில் தட்டி, "என்ன சீனி, ராத்திரி வேல இல்லியா" என்று கேட்டவர்தான்.

"செத்தாலும் அவன்கிட்டப் போய் நிக்கக் கூடாது" என்றான் சீனி. கண் மை மீசையோடு சொன்னதால் அதில் பாதி வேகம்தான் இருந்தது.

சரளா எழுந்து, டேப்லட்டைக் காலி முறுக்கு டின்னுக்குள் வைத்து மூடினாள். "அக்கா, மோட்டார எடுங்க."

*

இருளாயி மோட்டார் ஓட்டுவதும் செய்தி சொல்வதுபோலத்தான். நடுவில் எங்கும் நிற்காது. சரளா டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாசி லெமாக் சோற்றுக் கடைகள், கோயில் வளைவு, கருங்கல் லாரி, சிவப்பு விளக்கு. மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று இறங்கியது. சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற ஆள், "முறுக்கா அக்கா? எங்க விக்கிறீங்க?" என்று டின்னைப் பார்த்துக் கேட்டான்.

"பசார்ல" என்றாள் சரளா. சொன்ன பிறகு டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு டயர் கடை. தர்மா ஒரு வேன் சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தான். அதே நெற்றி, அதே மூக்கு, அதே மீசை. ஒரு சுற்றுச் சின்னது. அண்ணியைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். எழுந்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவன்போல மறுபடி குந்தினான்.

"என்னா அண்ணி. டயரு பஞ்சரா?"

சரளா மூச்சு வாங்கச் சொன்னாள். லாட், பத்து மணி, விரல், முகம். அவன் போல்ட்டைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"அதுக்கு அவரு மூஞ்சி இருக்கே. அது எங்க போச்சு?"

"மொட்ட போட்டுட்டாரு தம்பி. வேண்டுதல்."

"மொட்ட போட்டா மூஞ்சி மாறிடுமா?"

"மீசையும் எடுத்துட்டாரு."

ஸ்பேனர் நின்றது. தர்மா மெதுவாக எழுந்தான். சிரித்தான், பார்க்க நன்றாக இல்லை.

"அப்பாவுக்கு எடுக்காத மீசைய பசார் லாட்டுக்கு எடுத்துட்டாரு. நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு அண்ணி. போயிட்டு வாங்க."

"தம்பி..."

"போங்கன்னேன்லா. வேல கெடக்கு."

கடைச் சுவரில் மணி ஒன்பது ஐம்பத்தொன்று. இருளாயி இரண்டு ஹெல்மெட்டையும் வைத்துக்கொண்டு, காது தவிர உடம்பில் வேறு உறுப்பே இல்லாதவள்போல நின்றாள். சரளா அவளைப் பார்த்தாள். பிறகு, அவள் நிற்பதைப் பற்றிக் கவலைப்பட நேரம் இல்லை என்று முடிவு செய்தாள்.

"ஒங்கண்ணனுக்கு மீச மேல ஆச இல்ல தம்பி. மாமா சாகுறப்ப நான் முழுகாம இருந்தேன்."

தர்மா திரும்பினான்.

"நாப்பத்தொரு வயசுல. தனேசு காலேஜுக்கு மனுப் போட்டுக்கிட்டு இருக்கா. வெளிய சொல்ல வெக்கம். ரெண்டு மாசம் போகட்டும்னு இருந்தோம். முழுகாம இருக்கறவ புருசன் தலையில கத்தி படக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. எனக்குப் பயம். அவரு எடுக்கத்தான் கெளம்புனாரு; நான்தான் ரூம்புக்குள்ள கையப் புடிச்சிக்கிட்டு விடல." அவள் டின்னை மாற்றிப் பிடித்தாள். "பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள அது தங்காமப் போயிடுச்சு. அப்புறம் யாருகிட்ட எதைச் சொல்றது? மீசைக்காகன்னே பேசட்டும், விடுன்னுட்டாரு."

கடைக்குள் காற்று அடைக்கும் மெஷின் ஒருமுறை சீறி ஓய்ந்தது. தர்மா அண்ணியைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த போல்ட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முகத்தைக் கழுவினான். அழுக்குப் போகக் கழுவுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே கழுவினான். துண்டால் துடைத்து, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, மீசையை அண்ணன் முறுக்குகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுக்கினான்.

"குடுங்க அதை."

ஒன்பது ஐம்பத்தேழு. டேப்லட் அவனைப் பார்த்து யோசித்தது. திறக்கவில்லை.

"வெயில் பின்னால இருக்கு தம்பி, இப்பிடித் திரும்பு" என்றாள் இருளாயி, கடைக்கு வந்தபின் முதல் தடவையாக வாயைத் திறந்து.

அவன் திரும்பினான். ஆறு வருஷம் மூஞ்சியில் முழிக்காத அண்ணன் என்று டேப்லட் தர்மாவை ஏற்றுக்கொண்டு, சத்தமே இல்லாமல் திறந்தது.

மூன்று பேரும் டயர் அடுக்கின் மேல் அதை வைத்துச் சுற்றி நின்றார்கள். வேன்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். பத்து மணிக்கு வரைபடம் விரிந்தது. பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். சரளாவின் விரல் மூலை லாட்டுக்குப் போவதற்குள் அது சிவப்பாகிவிட்டது. அதற்குப் பக்கத்தது சிவப்பு. எதிர் வரிசையில் நாலு சேர்ந்தாற்போலச் சிவப்பு.

"பதினெட்டு அண்ணி, பதினெட்டு."

"போச்சு."

"இருபத்தஞ்சு அமுக்குலா."

"போச்சுக்கா."

"நடுவுல, நடுவுல பாருங்க, முப்பத்தேழு."

சரளா முப்பத்தேழை அமுக்கினாள். ஒரு வட்டம் சுற்றியது. யாரும் மூச்சு விடவில்லை, வேன்காரர்கூட விடவில்லை. கட்டம் மஞ்சளாகி, பிறகு நீலமாகி, கடையின் பேரை எழுதவும் என்று ஒரு வரி வந்தது.

"என்ன பேரு போட அண்ணி?" தர்மாவின் விரல் எழுத்துகளின் மேல் தயாராக இருந்தது.

ஆயிரம் தடவை மனசுக்குள் எழுதிய பேர். வாயால் சொல்ல வரவில்லை.

"சரளா முறுக்குன்னு போடு தம்பி" என்றாள் இருளாயி. "பெருசாப் போடு."

*

திரும்பும்போது இருளாயியின் மோட்டாருக்குப் பின்னால் தர்மாவின் மோட்டாரும் வந்தது. வாசலில் சீனி நின்றுகொண்டிருந்தான். மீசையை அழிக்கப் போய் முகம் முழுக்கக் கண் மையை ஈஷிக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்ததும் உள்ளே போக ஒரு கால் எடுத்து வைத்தான்.

"அப்பிடியே நில்லுங்கண்ணே" என்றான் தர்மா. கிட்டே போய் மொட்டையைச் சுற்றி வந்து பார்த்தான். "பின்னால சந்தனமே படல. யாரு பூசுனா இத?"

"ஒங்கண்ணிதான்."

தர்மா காதோரம் காய்ந்திருந்த சந்தனத்தைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து, பிடரிவரை நிதானமாக இழுத்துத் தேய்த்தான். சீனி தலையைக் குனிந்து கொடுத்தான்.

சரளா அடுப்படிக்குள் வந்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். முப்பத்தேழு. எத்தனை கிலோ மாவு, எத்தனை டின், பலகைக்கு என்ன நிறம். ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் கருப்பம்மாளும் இன்னும் நாலு பேரும் இருளாயியை வளைத்துக்கொண்டிருந்தார்கள். சரளா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்னாக்கா சொன்னா அவன்கிட்ட? ஆறு வருசமா வராதவன் வந்து நிக்கிறான். சும்மா வருவானா? சொல்லுக்கா."

இருளாயி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியைக் கோதிக்கொண்டாள். புந்தோங்கே காத்திருந்தது, இப்படி ஒரு சரக்கு அவள் கையில் அதுவரை சிக்கியதில்லை.

"என்னாத்த சொன்னா?" என்றாள். "லாட்டுப் போயிரும் தம்பி, கொஞ்சம் வந்து பாருன்னா. அவனும் வந்து பாத்தான். அவ்வளவுதான்லா. போயி அவங்கவங்க வீட்டுச் சோத்த வடிங்க."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பகலில் கதவைச் சாத்தி அந்த வரிசையில் யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது. சரளா முதல் முறுக்கைப் பிழிந்தாள்.